தாலியைத் தட்டில் வைத்தால் தீர்ப்பாகிவிடுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எல்லாரும் போகும்வரை காத்திருந்த ஓர் அம்மாள் நம்மிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு தாள்.

“அண்ணே, இது செல்லுமா செல்லாதா, அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

வாங்கிப் படித்தோம். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எழுதிய தாள் அது. ‘நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம். இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை’ என்று நாலே வரி. கீழே கணவர், மனைவி கையெழுத்து. சாட்சிக்குக் கோயில் தலைவர், மண்டோர், தாய்மாமன். எதற்கும் இருக்கட்டும் என்று பட்டணத்துக்குப் போய் சத்தியப் பிரமாணக் கமிஷனரிடம் ஒரு முத்திரையும் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கே தாலியைத் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

இப்போது அந்த அம்மாளை ஒரு நல்ல மனிதர் பெண் கேட்டு வந்திருக்கிறார். இருவரும் திருமணப் பதிவுக்குப் போயிருக்கிறார்கள். தேசியப் பதிவிலாகா அதிகாரி அடையாளக் கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத்தான் கணவர் இருக்கிறாரே, எப்படிப் பதிவது?” என்று கேட்டிருக்கிறார். தாளைக் காட்டினாராம். அதிகாரி அதைப் படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

“அந்தாளு எங்க இருக்காருன்னுகூட எனக்குத் தெரியாது அண்ணே. பதினோரு வருசமா நான் யாரோட பெண்டாட்டி?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

சட்டத்தின் கண்ணுக்கு அவர் இன்றைக்கும் அந்த மனிதரின் மனைவிதான். அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

தோழர்களே, தாய்மார்களே! இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத் தகராறு, போனஸ் தகராறு என்று கிளைக்கு வருகிறவர்களில் பலர், பேச்சு முடிந்து எழும்போது குரலைத் தாழ்த்தி இந்தச் சங்கதியைத்தான் கேட்கிறார்கள். நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2021-ல் மலேசியாவில் எல்லா சமயத்தாரையும் சேர்த்துப் பதிவான மணவிலக்குகள் 43,936. 2022-ல் 62,890. கோவிட் காலத்தில் கோர்ட்டுகளின் வேலை முடங்கிக் கிடந்ததும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். ஆனாலும் கணக்கில் வருகிறவர்கள், முறையாகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் மட்டும்தானே! கோயில் மண்டபத்திலும் தாய்மாமன் வீட்டுத் திண்ணையிலும் பிரிந்துபோனவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

மணவிலக்கைப் பற்றி எழுதுவதால் நாம் குடும்பத்தைப் பிரிக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். சேர்ந்து வாழ வழியிருந்தால் சேர்ந்து வாழுங்கள். பெரியவர்கள் சொல்லிப் பார்க்கட்டும், சங்கமும் சொல்லிப் பார்க்கும். ஆனால் ஒன்றாக இருக்க முடியாது என்று இருவருமே முடிவு செய்த பிறகு, அதை முறையாகச் செய்யாவிட்டால் கஷ்டம் பிள்ளைகள் தலையில் விடிகிறது. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறோம்.

பஞ்சாயத்துக் காலம் போய்விட்டது

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்துக் கல்யாணம் என்றால் கோயில், தாலி, ஊர்ச் சாப்பாடு. அவ்வளவுதான். பிரிந்தாலும் பஞ்சாயத்து. பெரிய கங்காணி சொன்னால் சரி. அந்த வழக்கத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. கோர்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியாத காலத்தில் அதுதான் இருந்தது.

ஆனால் 1976-ல் நாடாளுமன்றம் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் பௌத்தரானாலும், அன்றிலிருந்து ஒரே சட்டம். ஒருவனுக்கு ஒரு மனைவி, ஒருத்திக்கு ஒரு கணவன் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் திருமணம் முடிவதற்கும் இரண்டே வழிதான். ஒன்று மரணம். மற்றொன்று கோர்ட் உத்தரவு. மூன்றாவது வழி கிடையாது.

ஆகவே கோயில் கமிட்டி எழுதிக் கொடுத்த தாள் மணவிலக்கு ஆகாது. சத்தியப் பிரமாணக் கமிஷனர் முத்திரை போட்டாலும் ஆகாது. அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்? ‘இந்த ஆள் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்’ என்பதுதான். கல்யாணத்தை முறிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கிராணிக்கும் இல்லை, மேனேஜருக்கும் இல்லை. நம் சங்கத்துக்கும் இல்லை!

அந்தத் தாளை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது சட்டப்படி செல்லாது. அதோடு போகாது. துணை உயிரோடிருக்க மறுமணம் செய்வது தண்டனைச் சட்டப்படி குற்றம். சிறைக்கே போக நேரிடலாம். “தெரியாமல் செய்துவிட்டேன்” என்று பின்னால் அழுது என்ன பயன்?

இருவரும் ஒத்துக்கொண்டால் வழி சுலபம்

மணவிலக்கு என்றதும் நம்மவர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. சினிமாவில் பார்க்கிறோம். கூண்டில் ஏற்றி, குடும்ப மானத்தைக் கப்பலேற்றி, யார் மேல் தப்பு என்று நாள்கணக்கில் வாதாடுகிறார்கள். இருவரும் மனமொத்துப் பிரியும்போது அப்படி எதுவும் இல்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே மனுவாக உயர் நீதிமன்றத்தில் போடலாம். இதைக் கூட்டு மனு என்கிறார்கள். இதில் யார் மேல் குற்றம் என்ற பேச்சே எழாது. குடித்தார், அடித்தார், இன்னொரு வீட்டுக்குப் போனார் என்று எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நீதிபதிக்குத் தெரிய வேண்டியது மூன்று சங்கதிகள். இருவரும் மனதார ஒத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்களா? மனைவிக்குத் தக்க ஏற்பாடு செய்திருக்கிறதா? பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது, யார் செலவுக்குக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் நீதிபதி மணவிலக்கு அளிக்கலாம். ஒன்று சரியில்லை என்று பட்டாலும் அவர் மறுக்கலாம், அல்லது நிபந்தனை போடலாம்.

இந்த மனுவைப் போட என்னென்ன வேண்டும்?

முதலாவது, கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பதிவுத் திருமணத் தேதியிலிருந்து எண்ணுங்கள். பலர் பதிவை ஒரு நாளும் கோயில் கல்யாணத்தை ஆறு மாதம் கழித்தும் வைத்துக்கொள்கிறார்கள். சட்டம் பார்ப்பது பதிவுத் தேதியைத்தான்.

இரண்டாவது, திருமணச் சர்ட்டிபிகேட். கோர்ட் வாசலில் முதல் கேள்வி இதுதான். தொலைந்துபோயிருந்தால் பதிவிலாகாவில் பணம் கட்டிப் பிரதி வாங்கலாம். 1982 மார்ச் 1-க்கு முன்னால் வழக்கப்படி நடந்த திருமணங்கள் பதிவானதாகவே கருதப்படும். அதற்குப் பிறகு கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டு, பதியாமலே குடும்பம் நடத்துகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். பிரிவதற்கு மட்டுமல்ல, ஜீவனாம்சம் கேட்பதற்கும், சொக்சோவில் விதவைப் பணம் கேட்பதற்கும் தடுமாறி நிற்பார்கள். வீட்டில் பதியாத ஜோடி இருந்தால் நாளைக்கே பதிவிலாகாவுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, இருவரும் மலேசியாவை நிலையான சொந்த நாடாகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும். நம்மில் அநேகருக்கு இதில் சிக்கல் இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கும் இது தடையாகாது.

நான்காவது, தாள்கள். இருவர் அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கூட்டு மனு, இருவரும் தனித்தனியாகச் சத்தியம் செய்து கொடுக்கும் பிரமாணப் பத்திரம். சத்தியப் பிரமாணக் கமிஷனர் முத்திரைக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். மனுவில் கல்யாணம் நடந்த விவரம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், பிள்ளைகளின் பெயர், வயது, முன்பு ஏதாவது வழக்கு நடந்ததா, சமாதானத்துக்கு என்ன முயற்சி செய்தீர்கள், ஜீவனாம்சத்துக்கும் சொத்துக்கும் என்ன முடிவு என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

கூட்டு மனுவுக்கு இன்னொரு சௌகரியம். மற்ற மணவிலக்கு வழக்குகளில் முதலில் பதிவிலாகாவின் திருமண சமரசக் குழுவுக்குப் போய், ‘சேர்த்துவைக்க முடியவில்லை’ என்று சான்று வாங்கி வர வேண்டும். கூட்டு மனுவுக்கு அது தேவையில்லை. நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் மனுவைத் தயார் செய்து கொடுப்பதும் வழக்கத்தில் உண்டு. செலவு பாதியாகும்.

கோர்ட்டில் நாள் கொடுப்பார்கள். இருவரும் போக வேண்டும். “இது உங்கள் விருப்பமா? யாராவது வற்புறுத்தினார்களா? எழுதியிருப்பது புரிகிறதா?” என்று நீதிபதி கேட்பார். மலாய் சரளமாக வராவிட்டால் கூச்சப்படாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் வெட்கம்.

நீதிபதி ஒத்துக்கொண்டால் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு. அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்! சாதாரணமாக மூன்று மாதம் கழித்துத்தான் அது இறுதித் தீர்ப்பாகும். சில வழக்குகளில் கோர்ட் இந்தக் காலத்தைக் குறைக்கும். இறுதியாக்கிய சான்றிதழ் கைக்கு வந்த பிறகே நீங்கள் சட்டப்படி தனியாள். அதற்குமுன் மறுமணத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம். சான்றிதழ் வந்ததும் பதிவிலாகாவிலும் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியில் பழைய கதைதான் இருக்கும்.

நாலு வரியில் அடங்காத சங்கதி

இனித்தான் முக்கியமான இடம். ‘ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை’ என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததே, அதே வரியைக் கூட்டு மனுவிலும் எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். “கையெழுத்துப் போடு, சீக்கிரம் முடியும், ஒன்றும் கேட்காதே” என்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் பெண் எதையாவது போட்டுத் தொலைத்துவிட்டு வெளியே வந்தால் போதும் என்று நினைக்கிறாள். அவசரத்தில் போட்ட கையெழுத்துக்கு ஆயுளுக்கும் அழ வேண்டியிருக்கும்.

வீட்டை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வீடு கம்பெனிச் சொத்து. அதைக் கோர்ட் பங்கு போட முடியாது. யார் பேரில் வேலை இருக்கிறதோ அவர் பேரில்தான் வீடு. கணவர் பேரில் வீடு இருந்து, மனைவிக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்றால், தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பெண் பிள்ளைகளோடு எங்கே போவாள்? இதை மனு எழுதும் முன்பே பேசி முடிக்க வேண்டும். மனைவியும் தோட்டத் தொழிலாளி என்றால் தனி வீடு கேட்டு நிர்வாகத்துக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தை எழுதத்தான் சங்கம் இருக்கிறது.

மலிவு வீடு, தாமான் வீடு வாங்கியிருந்தால் அது வேறு கணக்கு. கல்யாண வாழ்க்கையில் சேர்த்த சொத்தைப் பங்கிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பட்டா கணவர் பேரில் மட்டும் இருந்தாலும் சரிதான். காசு போட்டது மட்டும் பங்களிப்பு அல்ல. வீட்டைப் பார்த்துக்கொண்டதும், பிள்ளை வளர்த்ததும் பங்களிப்புதான். 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள திருத்தம் இதில் பெண்களின் கையைப் பலப்படுத்தியிருக்கிறது. காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டிவிட்டு வந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவளை ‘நீ என்ன சம்பாதித்தாய்?’ என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இருவர் பேரிலும் பேங்கில் வீட்டுக் கடன் இருந்தால், மணவிலக்குத் தீர்ப்பு பேங்கைக் கட்டாது. ‘இனி கடன் அவர் கட்டுவார்’ என்று மனுவில் எழுதினாலும், அவர் கட்டாவிட்டால் பேங்க் உங்களிடமும் வரும். பேங்கில் தனியாகப் பேசிப் பெயரை எடுக்க வேண்டும்.

அடுத்தது ஜீவனாம்சம். இங்கே இரு தரப்புக்கும் ஒரு வார்த்தை. கட்ட முடியாத தொகையை எழுதாதீர்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் சேமநிதிக்கு மட்டும் 187 வெள்ளி போகும். சொக்சோவும் மற்றப் பிடித்தங்களும் போய்க் கையில் வருவது சுமார் 1,500. அந்த மனிதர் மாதம் 1,000 வெள்ளி தருகிறேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் அது மூன்று மாதம் வரும், நாலாவது மாதம் நின்றுபோகும். 400 என்றோ 500 என்றோ எழுதி மாதாமாதம் ஒழுங்காக வருவது மேல். பணத்தைக் கையில் கொடுக்காமல் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். கொடுத்தவருக்கும் அத்தாட்சி, வாங்கியவருக்கும் அத்தாட்சி. கொடுக்காவிட்டால் முதலாளி சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கும்படி உத்தரவு வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கியை வசூலிக்க முடியாது.

மனைவி மறுமணம் செய்துகொண்டால் அவளுக்கு வரும் ஜீவனாம்சம் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு வருவது நிற்காது. சில தகப்பன்மார் இதைத் தெரியாமலோ தெரிந்தேயோ நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு 18 வயது முடியும்வரை கொடுக்க வேண்டும். மேல் படிப்போ பயிற்சியோ படித்துக்கொண்டிருந்தால் அது முடியும்வரை கொடுக்கச் சொல்லும் திருத்தமும் 2018 டிசம்பரில் வந்துவிட்டது. பிள்ளையை எஸ்.பி.எம்.மோடு நிறுத்திவிடாமல் பாலிடெக்னிக்குக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப ஆசைப்படும் தாய்மார்களே, மனுவில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்!

“5,000 வெள்ளி மொத்தமாக வாங்கிக்கொள், இனி பிள்ளைக்கு ஒன்றும் கேட்காதே” என்ற பேரமும் நடக்கிறது. பிள்ளையின் சோற்றைத் தாயால் விற்றுவிட முடியாது. அப்படி எழுதியிருந்தாலும், பிள்ளையின் நன்மைக்காகக் கோர்ட் அதை மாற்றலாம். மனைவியின் ஜீவனாம்சத்தை மொத்தத் தொகையாக முடிப்பதாக இருந்தால் அதற்கும் கோர்ட்டின் ஒப்புதல் வேண்டும்.

பிள்ளைகள் யாரிடம்? ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நல்லது என்று சட்டம் அனுமானம் கொள்கிறது. தகுந்த காரணம் காட்டினால் அதை மாற்றலாம். பெரிய பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். படிக்கிற பள்ளியை, பழகிய இடத்தை விட்டுப் பிள்ளையைப் பிடுங்குவது நல்லதல்ல என்பதையும் கோர்ட் பார்க்கும். யாரிடம் இருந்தாலும், மற்றவர் எந்த நாளில் வந்து பார்க்கலாம், தீபாவளிக்கு யார் வீட்டில், பள்ளி விடுமுறைக்கு யார் வீட்டில் என்று இப்போதே எழுதிவிடுங்கள். பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பின்னால் சண்டை போடாதீர்கள்.

கடைசியாக, சேமநிதி வாரிசு. பத்து ஆண்டுக்கு முன்னால் யார் பேரை எழுதினீர்கள் என்று பலருக்கு ஞாபகமே இருக்காது. போய்ப் பாருங்கள். மாற்ற வேண்டுமானால் மாற்றுங்கள். அது தானாக மாறிக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

அடித்து வாங்கிய சம்மதம் சம்மதமல்ல

கூட்டு மனு சுலபம் என்றோம். அந்தச் சுலபத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. சட்டம் ‘மனதார’ என்கிறது. தலைமயிரைப் பிடித்து வாங்கிய கையெழுத்தும், ‘போடாவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டேன்’ என்று மிரட்டி வாங்கிய கையெழுத்தும் மனதாரப் போட்டவை அல்ல. அப்படி நடந்தால் நீதிபதியிடமே பயப்படாமல் சொல்லுங்கள். அடி உதை இருக்கும் வீட்டில் முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. போலீசில் புகார் செய்யலாம். சமூகநல இலாகாவுக்குப் போகலாம். 15999 என்ற காசே நம்பருக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். பாதுகாப்பு உத்தரவு வாங்கிய பிறகு மணவிலக்கைப் பற்றி யோசிக்கலாம்.

ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அல்லது ஆளே காணாமல் போய்விட்டால்? அதற்குக் கூட்டு மனு உதவாது. ஒருவர் மட்டும் மனுப் போட வேண்டும். கல்யாண வாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்ட வேண்டும். சோரம், சேர்ந்து வாழ முடியாத நடத்தை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, இரண்டு ஆண்டு தொடர்ந்து பிரிந்து வாழ்ந்தது, இவற்றில் ஒன்றை எடுத்துச் சொல்லலாம். இதற்குச் சமரசக் குழு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, நீங்களேதான் பேச வேண்டும். கைவிட்டுப் போனவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆளைத் தேடியும் காணாவிட்டால், கோர்ட் அனுமதியோடு பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு வழக்கை நடத்தலாம். எதிர்த்தரப்பு வராவிட்டாலும் தீர்ப்பு கிடைக்கும். நாள்தான் கூடும்.

சட்டம் இருந்தும் நமக்கு எட்டாததேன்?

சட்டம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நம்மவர்கள் ஏன் கோயில் மண்டபத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். உயர் நீதிமன்றம் பெரிய பட்டணத்தில் இருக்கிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு தனி. வழக்கறிஞர் கட்டணம் மாதச் சம்பளத்தைத் தாண்டும். தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ‘நாலு பேருக்குத் தெரிந்துபோகுமே’ என்ற மானப் பிரச்சினை. ஏழைக்குச் சட்டம் தூரத்தில் இருக்கும்போது பஞ்சாயத்து பக்கத்தில் இருக்கிறது. அதுதான் உண்மை.

ஆனால் வழியே இல்லையா? இருக்கிறது. அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா, வருமானம் குறைந்தவர்களுக்கு மணவிலக்கு வழக்குகளையும் எடுத்து நடத்துகிறது. வருமானக் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. இடம் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரைக் கேளுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன்னால் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி படித்துக் கேளுங்கள்.

கோயில் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமாதானம் பேசுங்கள், அது உங்கள் புண்ணியம். பிரிவுத் தாள் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தாதீர்கள். யாராவது அப்படிக் கேட்டு வந்தால், “கோர்ட்டுக்குப் போங்கள், தாளைத் தயார் செய்ய நாங்கள் உதவுகிறோம்” என்று சொல்லுங்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒரே ஓர் ஆள் அதைச் சொல்லியிருந்தால், இந்த அம்மாளுக்குப் பதினொரு ஆண்டு வீணாகியிருக்காது.

அவருக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். அந்த மனிதரின் தங்கை இன்னமும் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவர் மூலம் தகவல் அனுப்பியிருக்கிறோம். ஆள் வந்து கையெழுத்துப் போட்டால் கூட்டு மனு. வராவிட்டால் பிரிந்து வாழ்ந்த காலத்தைக் காட்டித் தனி மனு. சட்ட உதவி இலாகாவுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை அவரை நாமே கூட்டிப்போகிறோம். திருமணச் சர்ட்டிபிகேட் பிரதிக்கு எழுதிப் போட்டாகிவிட்டது.

“இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடவா அண்ணே?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றோம். மணவிலக்குக்கு அது உதவாது. ஆனால் எந்த நாளிலிருந்து பிரிந்து வாழ்கிறார்கள் என்று காட்டுவதற்கு அது ஒரு சாட்சியாகலாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு தாள் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு பதினொரு ஆண்டு போகவிட வேண்டாம்.